துருவ ஒளிக்கு எந்த ஃபிலிம்?

1

மருந்துக் கடையின் போட்டோ கவுண்டரில் நான் வேலைக்குச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஐந்து வருடம். மேனேஜர் ஒரு பேட்ஜும், நாலு பேர் வெட்டினால் தீர்ந்துபோகும் ஒரு கேக்கும் கொடுத்தார். பேட்ஜில் ‘மால்’ என்று இருக்கிறது. மாலதி என்ற மூன்றெழுத்தை முழுசாகச் சொல்ல இந்த ஊரில் யாருக்கும் பொழுதில்லை.

மருந்துக் கடையில் போட்டோவுக்கு என்ன வேலை என்று நம் ஊரில் கேட்பீர்கள். இங்கே அமெரிக்காவில் மருந்துக் கடையில் சோப்பு, வாழ்த்து அட்டை, குழாய் மிட்டாய், பொம்மை எல்லாம் முன்னால் இருக்கும். மருந்து கடைசிச் சுவரோரம் இருக்கும். நடுவில் நாங்கள். ஃபிலிம் சுருளைக் கொடுத்துவிட்டு சோப்பு வாங்கி வருவதற்குள் படம் ரெடி. நான் திருச்சியில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். விசா அனுமதிக்காததால் ஐந்து வருடம் நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சர் அபார்ட்மெண்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிரீன் கார்டு வந்ததும் கிடைத்த முதல் வேலை இது. வேதியியலில் இங்கே எனக்கு மிச்சமிருப்பது, மெஷினுக்குள் டெவலப்பர் ஊற்றுவது.

சேர்ந்த புதிதில் ஒரு பெரியம்மாள் சுருளை நீட்டினார். “ஐ வில் வாஷ் இட் அண்ட் கிவ்” என்றேன். நம் ஊரில் ஃபிலிமைக் கழுவத்தானே கொடுப்போம்? அந்த அம்மாள் சுருளைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வேறு ஆள் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். அவருடைய பேரனின் ஞானஸ்நானப் படங்களாம். சோப்புத் தண்ணீரில் போட்டு அலசிவிடுவேன் என்று நினைத்திருக்கிறார்.

இந்த வேலையில் ஊரார் வாழ்க்கை முழுவதும் கைக்குள் வந்து போகும். முக்கியமாக நம்மவர்கள் வாழ்க்கை. பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனைச் சுற்றியிருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பாதிக்கு மேல் எங்களிடம்தான் கொடுக்கிறார்கள். பிறந்தநாள், சீமந்தம், புது வீட்டுப் பூஜை. எந்த வீட்டில் யார் என்ன புடவை, எந்த வீட்டில் பிரியாணி தீய்ந்தது, எல்லாம் தெரியும். என்னைக் கூப்பிடாத விசேஷங்களின் படங்களைக் கலர் சரிபார்த்து உறையில் போட்டு, “ரொம்ப நல்லா வந்திருக்கு” என்று கொடுப்பேன். “ஆண்ட்டி, நீங்க ஏன் வரல?” என்று ஒரு சின்னப்பெண் கேட்டாள். அவள் அம்மா அவசரமாகச் சாவியைத் தேட ஆரம்பித்தாள்.

பேட்ஜை என் சட்டையில் குத்திவிட்டவள் ரூத். கூட வேலை செய்பவள், அறுபதைத் தாண்டியவள். முப்பது வருடம் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருந்தவள். குத்திவிட்டு, “உன் பையன் வடக்கு வெளிச்சத்துக்கு ஃபிலிம் கேட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது, இல்லையா?” என்றாள். ஆகிவிட்டது. அன்று மதியம் இரண்டு பேருடைய படங்களை மாற்றி உறையில் போட்டுவிட்டேன்.

2

பையன் பெயர் பரத். ஒரே பையன். ஒன்பது வயதில் இங்கே வந்தவன். போன வருடம் காலேஜில் சேர்ந்தான். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் நல்ல ஸ்டேட் யூனிவர்சிட்டி இருக்கிறது. அவன் அப்பா அங்கேயே கம்ப்யூட்டர் படிக்கச் சொன்னார். அவனோ மிச்சிகனின் வட கோடியில், ஏரிக்கரையில், வருடத்தில் ஏழு மாதம் பனி கொட்டும் ஊரில் பாறைகளைப் படிக்கப்போகிறேன் என்றான். அப்பாவும் பிள்ளையும் ஒரு மாதம் என் வழியாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு என் வழியாகவும் பேசவில்லை.

அவன் அப்பா, அதாவது என் வீட்டுக்காரர் சுந்தர், அப்போது டெக்சாஸில் இருந்தார். ஒய் டூ கே வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதோடு உலகம் முடிந்துவிடும் என்று நினைத்து எழுதிய பழைய புரோகிராம்களையெல்லாம் திருத்துகிற வேலை. இர்விங்கில் மூன்று ஆண்களோடு ஒரு அபார்ட்மெண்ட். திங்கள் காலை பறப்பார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளி இரவு வருவார், துணியைத் துவைத்துக்கொண்டு மறுபடி பறப்பார். ஒரு குடும்பம், மூன்று மாநிலம். இட்லி மாவு அரைத்தால் ஒரு வாரத்துக்கும் நானே தின்ன வேண்டியிருந்தது. கடைசி இரண்டு நாள் புளித்த மாவில் ஊத்தப்பம்.

பரத் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணுவான். மூன்று நிமிடம். நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் சொல்வான்.

“எப்படிடா இருக்க?”

“ஃபைன்.”

“சாப்பாடெல்லாம்?”

“இட்ஸ் ஓகே.”

“ஃப்ரெண்ட்ஸ் கெடச்சாங்களா?”

“யெஸ், அம்மா.”

அவ்வளவுதான். வைத்துவிடுவான். அடுத்த ஞாயிறுக்கு என்ன கேட்பது என்று வாரம் முழுக்க யோசிப்பேன். கேள்வி ஒன்றும் புதிதாகக் கிடைக்காது.

அப்படியிருக்க, அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிறு, அவனாகவே ஒன்று கேட்டான்.

“அம்மா, இங்க நார்தர்ன் லைட்ஸ் வரும்னு சொல்றாங்க. திஸ் இயர் சன் ரொம்ப ஆக்டிவ்வாம். அதை எடுக்க என்ன ஃபிலிம் வாங்கணும்?”

என்னைக் கேட்கிறான்! காலேஜ் எது என்று கேட்கவில்லை, பாறையா கம்ப்யூட்டரா என்று கேட்கவில்லை. இதைக் கேட்கிறான். துருவ ஒளி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்ததோடு சரி. வானத்தில் பச்சைத் திரை ஆடும் என்று தெரியும். அதற்கு எந்த ஃபிலிம் என்று எனக்கெப்படித் தெரியும்? நான் கழுவுகிறவள், எடுக்கிறவள் இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“கேட்டுச் சொல்றேன். புதன்கிழமை ஃபோன் பண்ணு” என்றேன்.

“புதன்கிழமையா? ஓகே.”

3

மறுநாள் ரூத் பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆளில்லாத மதியம். அவள் சொல்லச்சொல்ல ரசீதுத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

ஃபிலிம் டப்பாவின் மேல் ஒரு எண் இருக்கும். நூறு, இருநூறு, நானூறு, எண்ணூறு. எண் ஏற ஏற ஃபிலிமுக்குக் கொஞ்ச வெளிச்சமே போதும். ஆனால் படத்தில் ரவை தூவியதுபோலப் புள்ளி விழும். வானத்து ஒளிக்கு நானூறு, கை நிதானமில்லாதவர்களுக்கு எண்ணூறு. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, லென்ஸை முழுக்கத் திறந்துவைத்து, இருபது விநாடி. குளிரில் ஃபிலிம் அப்பளம் மாதிரி ஆகிவிடும், வேகமாகச் சுற்றினால் ஒடியும், மெதுவாகச் சுற்ற வேண்டும். பாட்டரி செத்துப்போகும். அறைக்குள் வரும்முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஒவ்வொரு சுருளிலும் முதல் படத்தைப் பகலில் எடுக்கச் சொல். ராத்திரிப் படமெல்லாம் நெகட்டிவில் வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும், எங்கே ஒரு படம் முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று லேபுக்குத் தெரியாது, நடுவில் வெட்டிவிடுவார்கள்.

“ஆனால் ஒன்று, ஸ்லைடுதான் நல்லது” என்றாள் ரூத். “நெகட்டிவ் என்றால் பிரிண்ட் போடும் மெஷின் கறுப்பு வானத்தைச் சாம்பலாக்கிவிடும். ஸ்லைடில் கண் பார்த்த நிறம் அப்படியே வரும்.”

ஸ்லைடை எங்கள் மெஷின் கழுவாது. வெளியே அனுப்ப வேண்டும். நெகட்டிவ் என்றால் என் கையால் நானே கழுவலாம். இதை நான் ரூத்திடம் சொல்லவில்லை.

புதன்கிழமை ஆறு மணிக்கே ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதுக்கு வந்தது.

“எண்ணூறு வாங்கணும்” என்றேன்.

“ஓகே. ஸ்லைடா பிரிண்டா?”

பதில் என் மடியில் ரசீதுத் தாளில் இருந்தது. சொல்லிவிட்டால் வைத்துவிடுவான். மறுபடி ஃபைன், ஓகே, யெஸ் அம்மா.

“அது பெரிய விஷயம்டா. ரூத்துக்கே சந்தேகமாம். ஞாயித்துக்கெழம சொல்றேன்.”

பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னேன். சொல்லிவிட்டு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. ஊரில் மெகா சீரியல் எடுப்பவர்களுக்கு நான் ஒன்றும் இளைத்தவள் இல்லை. ஞாயிறு, ஸ்லைடா நெகட்டிவா: நெகட்டிவ்தான், சந்தேகமே வேண்டாம். புதன், எத்தனை விநாடி. ஞாயிறு, பாட்டரி. அடுத்த புதன், பிளாஸ்டிக் பை. பத்து நிமிட விஷயத்தை மூன்று வாரம் ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் நடுவில் வேறு பேச்சும் கொஞ்சம் வரும். ஏரி இன்னும் உறையவில்லை என்பான். பாறை லேபில் ஒரு கல் முந்நூறு கோடி வருடம் பழசு என்பான். ஒருமுறை ஒன்பது நிமிடம் பேசினான். அடுப்பின் மேலிருந்த கடிகாரத்தில் பார்த்தேன்.

4

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை சுந்தர் வந்தார். சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னேன், பரத் உங்கள் கேமராவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், வானத்து ஒளியை எடுக்க ஃபிலிம் கேட்கிறான் என்று.

“யார்கிட்ட கேக்கறான்?”

“என்கிட்டதான்.”

“என் கேமரா. என் லென்ஸு. சிங்கப்பூர்ல இறங்கி, பிளேனையே மிஸ் பண்ணப் பார்த்து வாங்கினது. என்ன ஃபிலிம்னு உன்னைக் கேக்கறானா?” ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

சனிக்கிழமை துணி மடிக்கும்போது அவராகவே வந்தார். “அந்த லென்ஸ்ல கடைசிக் கோடு வரைக்கும் திருப்பினா தூரத்துல இருக்கறது ஷார்ப்பா வராது. ஒரு மயிரிழை முன்னாடி நிறுத்தணும். பகல்லயே பாத்து, டேப் ஒட்டி வெச்சுக்கச் சொல்லு. இருட்டுல தெரியாது.” சொல்லிவிட்டு நாலடி போனவர் திரும்பி, “நான் சொன்னேன்னு சொல்லாத. அந்த ரூத்து சொன்னதாச் சொல்லு” என்றார்.

ஞாயிறு அப்படியே சொன்னேன். அப்போது சுந்தர் சோபாவில் நியூஸ் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

“நம்ம லென்ஸ் அப்படி இருக்கும்னு ரூத்துக்கு எப்படித் தெரியும்?”

நான் சுந்தரின் பேப்பரைப் பார்த்தேன்.

“தேங்க் ஹெர்” என்றான். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில், “சரின்னான்” என்று மட்டும் சுந்தரிடம் சொன்னேன். பேப்பர் அசையவில்லை. ஏன் அவன் சொன்னபடியே சொல்லவில்லை என்று இப்போதும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

5

ஃபிலிமை அங்கே வாங்காதே, நானே அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஆறு சுருள், எண்ணூறு. வாங்கி ஃபிரிஜ்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஃபிலிம் குளிரில் இருந்தால் கெடாது. ஆனால் வெறும் ஃபிலிமை எப்படி அனுப்புவது? தட்டை சுட வேண்டும், சனிக்கிழமைதான் நேரம். கம்பளிக் கையுறை, விரல் நுனியில் திறக்கிறமாதிரி, நாலு கடை தேடினேன். போஸ்ட் ஆபீஸில், ‘எக்ஸ்ரே பண்ணாதே’ என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன். அப்படி ஸ்டிக்கர் எங்களிடம் இல்லை என்றான். ‘உடையும்’ இருக்கிறது, ‘அழுகும்’ இருக்கிறது, எது வேண்டும்? ஒரு படிவம் கொடுத்தான். பொருள் என்ன என்ற கட்டத்தில் ஃபிலிம் என்று எழுதினேன். தட்டை வாசனை வந்திருக்கும். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான். மாவு, எண்ணெய், எள் என்று கீழே சேர்த்து எழுதினேன். பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

பார்சல் போய் நாலு நாள் ஆகியிருக்கும். ஒரு காலை கடை டிவியில் காட்டினார்கள். மிச்சிகன் வட கோடியில் முந்தைய ராத்திரி வானம் முழுக்கப் பச்சை, ஓரத்தில் சிவப்பு, ஏரித் தண்ணீரிலும் அதே. வெறும் வீடியோவிலேயே எனக்கு மூச்சு நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்தில் இப்படி வந்ததில்லை என்று ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்.

பார்சல் போய்ச் சேர்ந்திருக்குமா? முதல் நாளே எண்ணூறு, நெகட்டிவ், கடையில் வாங்கிக்கோ என்று சொல்லியிருந்தால் மூன்று வாரமாக அவன் கையில் ஃபிலிம் இருந்திருக்கும். என் பேராசைக்கு அவனுடைய வானத்தைக் கெடுத்துவிட்டேன். அன்று மூன்று முறை அவன் ஹாஸ்டல் அறைக்கு ஃபோன் பண்ணினேன். எடுக்கவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளர் டபுள் பிரிண்ட் போடுவீர்களா என்று கேட்டதற்கு, ஆமாம் என் தப்புதான் என்றேன்.

6

சாயங்காலம் எடுத்தான்.

“நேத்து வானம் முழுக்கப் பச்சையாமேடா. டிவில காமிச்சான்.”

“ஆமாம்மா. எல்லாரும் சொன்னாங்க.”

“சொன்னாங்களா? நீ எடுக்கலியா?”

“இல்ல.”

“என்னாலதான்டா” என்று ஆரம்பித்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது. “ரூத் மொத நாளே எல்லாத்தையும் சொல்லிட்டா. பத்து நிமிஷம் ஆகல. நான்தான் ஒண்ணொண்ணா சொன்னேன். எல்லாத்தையும் சொல்லிட்டா நீ ஃபோன் பண்ண மாட்டியேன்னு. ஸ்லைடுதான் நல்லதுன்னுகூட சொன்னா. அதையும் மறச்சேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை மறுகாதுக்கு மாற்றினேன்.

“எனக்குத் தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“எல்லாம் வெப்ல இருக்கு. உன்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே படிச்சுட்டேன்.”

“அப்ப எதுக்குடா என்னைக் கேட்ட?”

“பார்சல் முந்தாநாளே வந்துடுச்சும்மா. ஃபிலிம் இருக்கு. நீ சொன்ன மாதிரி ஃபிரிஜ்ல வெச்சிருக்கேன்” என்றான்.

“வந்துடுச்சா? அப்புறம் ஏன் எடுக்கல?”

“நான் வெளில போகல.”

“உடம்பு சரியில்லையா?”

“நோ. அதுக்கு ஏரிக்குப் போகணும்மா. டவுன்ல லைட் இருக்கு, தெரியாது. கார் வேணும். எல்லாரும் குரூப்பா போவாங்க.” பிறகு தமிழிலேயே, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னான். “எல்லாரும் படில எறங்கி ஓடற சத்தம் கேட்டுச்சு. யாராவது வந்து கதவைத் தட்டுவாங்கன்னு கேமராவ மாட்டிக்கிட்டு, ஷூ போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் கார் போற சத்தம் கேட்டுச்சு. ரூம்ல ஆள் இருக்கறது தெரியக்கூடாதுன்னு லைட்டை ஆஃப் பண்ணிட்டேன்.”

ஆறு ஃபோன் பேசினோம். ஃபிலிம் என்ன எண், எத்தனை விநாடி, கை எப்படி விறைக்கும், பாட்டரியை எந்தப் பையில் வைக்க வேண்டும், எல்லாம் சொன்னேன். ரூத்திடம் கேட்டேன், அவன் அப்பாவிடம் கேட்டேன், போஸ்ட் ஆபீஸில் சண்டை போட்டேன். யாரோடுடா போகப்போகிறாய் என்று ஒரு தடவை கேட்கவில்லை.

“நான் வர்றேன்” என்றேன்.

“எதுக்கு?”

“ஏரிக்குப் போக.”

“அம்மா, உனக்கு ஃப்ரீவேயே டிரைவ் பண்ணத் தெரியாது. இங்க ரோடெல்லாம் ஐஸ்.”

“வாடகைக்குக் கார் எடுப்போம். நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். லைட் வந்தா வருது, வராட்டி போகுது.”

வேண்டாம் என்பான் என்று காத்திருந்தேன். எனக்குப் பதிலுக்கு என்ன சொல்லி மடக்குவது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

“எப்பம்மா வர்ற?” என்றான்.

லீவு கேட்கவில்லை. டிக்கெட் இல்லை. அந்த ஊருக்கு எத்தனை விமானம் மாற வேண்டும் என்றுகூடத் தெரியாது. சுந்தரிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“நாளைக்கு” என்றேன்.